ஏழாம் விண்ணப்பம்

சத்தியநேசன் சார் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்குத்தான், பௌதிகத்துக்குக் கிடைக்கவில்லை. 1994இல் பாளையங்கோட்டையில் கதிரியக்க விழிப்புணர்வுக் குழு ஒன்றைத் தொடங்கித் தலைவரானார். குழுவில் தலைவரைத் தவிர வேறு ஆள் கிடையாது.

எதிர்வீட்டுச் சாலோமிக்கு அப்போது ஐந்தாம் மாதம். கணவன் எஸ்றா மஸ்கட்டில். முதல் மூன்று மாதமும் அவள் கடற்கரை ஊரில், சாகக் கிடந்த அம்மாவோடு இருந்தாள். அங்கே முற்றமெல்லாம் கறுப்பு மணல். அதில் கதிரியக்கம் உண்டென்று கேள்விப்பட்டு, வயிற்றுப் பிள்ளைக்கு ஏதும் ஆகியிருக்குமா என்று சாரிடம் போய்க் கேட்டாள்.

சார் இரவல் வாங்கி வைத்திருந்த கதிரியக்கம் அளக்கும் கருவியை அவள் வயிற்றுக்கு நேரே நீட்டினார். டிக் டிக்கென்றது. எங்கே வைத்தாலும் அது கொஞ்சம் அப்படித்தான் சொல்லும். தன் வீட்டு அடுக்களையில் வைத்துப் பார்த்திருந்தால் சாருக்குத் தெரிந்திருக்கும். அடுக்களைப் பக்கம் போகிற வழக்கம் அவருக்கு இல்லை.

அடுத்த ஞாயிறு கோயிலில் ஜெப விண்ணப்பங்களை வாசித்தார்கள். ஆறாவது, கைலாசபுரம் பெரியவர் ஒருவரின் மூட்டுவலி. ஏழாவது, சார் எழுதிக் கொடுத்தது: கதிரியக்கத்தால் பாதிக்கப்பட்ட சகோதரி சாலோமியின் கர்ப்பம். பெயரோடு எழுதிக் கொடுத்தால்தான் ஆண்டவருக்கு ஆளை அடையாளம் தெரியும் என்பது எங்கள் சபையின் விசுவாசம்.

அதன்பின் எல்லாரும் அவளுக்காக ஜெபித்தார்கள். வீட்டுக்குத்தான் யாரும் வரவில்லை. வளையல் போட வருவதாகச் சொன்ன சபைத் தோழி எப்சிக்குத் திடீரென்று முக்கூடலில் வேலை வந்துவிட்டது. டாக்டரம்மா, அந்த மணலால் கெடுதல் வர வாய்ப்பு மிகக் குறைவு, ஸ்கேனும் நன்றாயிருக்கிறது என்றார். அதையும் வாசிக்கச் சொல்லிச் சாலோமி எழுதிக் கொடுத்தாள். அது நன்றி சொல்லும் ஸ்தோத்திரப் பட்டியலில் வரவேண்டியது, பிள்ளை பிறக்கட்டும் என்றார்கள்.

பிறந்தது. பெண். கையிலும் காலிலும் விரல்களை மூன்று தடவை எண்ணிப் பார்த்தாள். சரியாயிருந்தது. சொல்ல ஆளில்லை.

மூன்றாம் நாள் சார் நாலு பேரோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, அறைவாசலில் நின்றபடியே ஜெபத்தைத் தொடங்கினார். ஐந்து பேரும் கைகூப்பியிருந்தார்கள். பிள்ளையை வாங்க ஒரு கை மிச்சமில்லை. கால்மணி நேரம் கழித்து, சார் யுரேனியத்தைத் தாண்டித் தோரியத்துக்கு வந்தபோது, சாலோமியே சத்தமாக ஆமென் சொல்லி முடித்துவைத்தாள்.

"ஒரு தடவ கையில வாங்குங்க சார். இன்னும் ஒருத்தரும் வாங்கல."

சார் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் நின்றவர்கள் தங்களுக்குப் பின்னால் பார்த்தார்கள்.

"எனக்குச் சளி பிடிச்சிருக்கு, பாத்துக்க," என்றார் சார். அத்தனை நீள ஜெபத்தில் அவர் ஒருமுறைகூடத் தும்மவில்லை.

கை வலிக்கும்வரை சாலோமி பிள்ளையை நீட்டியபடியே இருந்தாள்.