சபாபதி பற்றவைத்த கோல் போஸ்டுகள்

2018ஆம் ஆண்டு சரஸ்வதி பூசைக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை காலை, கிள்ளான் தாமான் கெம்போஜா குடியிருப்பின் திடலில் நின்ற இரண்டு கோல் போஸ்டுகளும் இருபதடி உயரத்துக்கு வளர்ந்திருந்தன. முதல்நாள் மாலைவரை அவை எட்டடிதான். அன்று சந்தையில் கெம்போங் மீன் கிலோ பதினெட்டு வெள்ளிக்கு விற்றது. தக்காளி விலை கொஞ்சம் இறங்கியிருந்தது. குறுக்குக் குழாய் பத்தடிக்கு ஏறியிருந்தது. இருபத்து நான்கடி இடைவெளியில் நின்ற நேர்க்குழாய்கள் பதினெட்டரை அடிக்கு நெருங்கி வந்து, குறுக்குக் குழாயைத் தாண்டி மேலே போயிருந்தன. வலை மட்டும் அவிழ்ந்து விழுந்த சேலையைப் போலத் தரையில் கிடந்தது. வேலைக்குப் போகிறவர்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டு, நேரமாகிவிட்டதே என்று கிளம்பிப் போனார்கள். இது ரக்பி போஸ்ட் ஆயிற்றே என்று முதலில் சொன்னவர் ரொட்டி லோரி ஓட்டுகிறவர். அவர் அதைச் சொல்லாமல் போயிருந்தால் பாதிப் பிரச்சினை வந்திருக்காது.

போஸ்டுகளைச் செய்தவர் சபாபதி. தாமான் முகப்பில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். வேலை பார்த்த தோட்டத்தை முதலாளி விற்று வீடு கட்டியபோது இந்தப் பக்கம் வந்த சனங்கள் இரண்டே பொருள்களைக் கையோடு கொண்டுவந்தார்கள் என்பார்கள்: ஒன்று முனீஸ்வரரின் சூலம், மற்றொன்று கால்பந்து. சூலத்துக்குத் திடல் ஓரத்தில் கோயில் எழுந்தது. பந்துக்கு 1996இல் சபாபதி இந்தப் போஸ்டுகளைப் பற்றவைத்துக் கொடுத்தார். நூல் பிடித்துப் பார்த்தாலும் ஒரு மயிரிழை சாயாத போஸ்டுகள். அன்றிலிருந்து கால்பந்துக் கழகத்தின் செயலாளரும் அவர்தான். திடலில் வேறு எந்த ஆட்டத்தையும் அண்டவிட்டதில்லை. கிரிக்கெட் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. ஃபுட்சால் வந்து பையன்களைக் கிடங்குகளுக்குள் இழுத்துக்கொண்டு போனபோது, லிப்டுக்குள் ஆடுகிற கால்பந்து என்று சொல்லிச் சிரித்தார். இந்த நாட்டில் எந்தப் பந்துக்கு ஆள் அதிகம் என்று பத்திரிகைகள் வருடா வருடம் கணக்கெடுக்கும். சபாபதி அதைப் படிப்பதில்லை, பதில் தனக்குத் தெரியும் என்பதால்.

அப்படிப்பட்டவர் வீட்டுக்குத்தான் மருமகளாக வந்தாள் சுரேகா. சொந்த ஊர் ஸ்ரீ கெம்பாங்கான், வேலை ஏர்கோன் உதிரிப்பாகத் தொழிற்சாலையில். பத்துப் பொருத்தமும் பார்த்த சோதிடர் பெண் ரக்பி ஆடுவாள் என்பதைச் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ. மகன் குரு கடலுக்குள் எண்ணெய் மேடையில் வேலை செய்பவன், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். ஆகவே அந்த வீட்டில் பெரும்பாலும் மூன்று பேர்தான்: சபாபதி, அவர் மனைவி லெட்சுமி, சுரேகா. வந்த இரண்டாம் மாதமே பதினான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டு செவ்வாய், வியாழன் மாலைகளில் திடலின் ஓரமாக ஓட ஆரம்பித்தாள். நர்சு, டீச்சர், பேங்க் கிளார்க் என்று தமிழ், மலாய், சீனப் பெண்கள் எல்லாரும் அதில் உண்டு. சபாபதி போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. அவளுக்கு அந்தத் திடலைத் தவிர வேறு இடம் கிடையாது என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

பூசை அன்று நடந்தது இதுதான். ஆயுத பூசைக்குப் பட்டறையில் வெல்டிங் மெஷின், கிரைண்டர், சுத்தியல் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பக்கத்தில் கழகத்தின் ஏழு பந்துகள், காலணிகள், விசில், காற்றடிக்கும் பம்பு வரிசையாக அடுக்குவது வழக்கம். சுரேகாவும் தன் பழைய பந்தை எடுத்துக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடத்தில் முதன்முதலாகப் பிடித்துப் பழகிய பந்து, தேய்ந்து பழுப்பேறிய, முட்டை வடிவச் சின்னத் தோல் பந்து. பிரிக்பீல்ட்ஸ் சேலைக்கடையின் மஞ்சள் பையில் வைத்திருந்தாள். வரிசையின் கடைசியில் இதற்கும் ஓர் இடம் தருவீர்களா மாமா என்று கேட்கவேண்டும் என்பதுதான் அவள் நினைப்பு. பையை மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். அந்த நேரம் பார்த்து, மூன்று லோரிக்குச் சொந்தக்காரரும் கழகத் தலைவருமான வேலாயுதம் உள்ளே வந்து பையை எட்டிப் பார்த்தார்.

"கையில தூக்கிட்டு ஓடறதுக்குப் பந்து எதுக்கு லா? ஒரு தேங்காய் போதுமே," என்றார் வேலாயுதம்.

சபாபதியும் சிரித்துவிட்டார். குழாயடியில் நின்ற சுரேகாவுக்கு அந்தச் சிரிப்பு கேட்டது. வேறு யார் சிரித்திருந்தாலும் அவள் பொருட்படுத்தியிருக்கமாட்டாள். வந்து மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். ஆனால் லெட்சுமி பூசைத் தேங்காயை அனுப்பியிருந்ததும் அதே சேலைக்கடையின் மஞ்சள் பையில்தான், அதுவும் அதே மேசையில்தான் இருந்தது என்பதை அங்கே ஒருவரும் கவனிக்கவில்லை.

கும்பம் வைக்கிற வேலையைச் சபாபதி யாரிடமும் விடமாட்டார். வெல்டர் கண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்கிற வீம்பும் அவருக்கு உண்டு. சாம்பிராணிப் புகைக்குள் பையில் கைவிட்டு எடுத்தார். கனம் குறைவாக இருந்தது. இந்தக் காலத்துத் தேங்காய் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார். குடுமியைக் காணோம், மொட்டைத் தேங்காயை வாங்கிவந்த லெட்சுமியை மனதுக்குள் திட்டிவிட்டு, குடுமி இருக்கவேண்டிய இடத்தில் மல்லிகைச் சரத்தைச் சுற்றி மறைத்தார். மஞ்சளைக் கனமாகப் பூசி, விபூதிப் பட்டை போட்டு, பொட்டு வைத்து, மாவிலைக்கு நடுவில் நிமிர்த்தி உட்காரவைத்தார். கற்பூரம் காட்டியபோது வேலாயுதம் உட்பட முப்பத்தாறு கால்பந்துக்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு அதன் முன்னால் விழுந்து கும்பிட்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் கும்பத்தைக் கலைத்துத் தேங்காயை உடைக்க அரிவாளை ஓங்கினார். அரிவாள் எகிறித் திரும்பி வந்தது. இரண்டாம் முறை ஓங்கவில்லை. விரலால் மஞ்சளைச் சுரண்டிப் பார்த்தார், தையல் தெரிந்தது. அப்படியே நின்றுகொண்டிருந்தபோதுதான் திடலில் போஸ்ட் வளர்ந்துவிட்டது என்று ஓர் ஆள் ஓடி வந்தார். சபாபதி பந்தைத் துணியில் சுற்றி வெல்டிங் கம்பி வைக்கிற இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். அறுபத்தொரு வயதில் அவர் செய்த முதல் கோழைத்தனம் அதுதான் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

ரக்பி போஸ்ட் என்று பெயர் வந்ததும் பழி நேராகச் சுரேகாவின் தலையில் விழுந்தது. அந்தப் பெண் ஏதோ செய்துவிட்டாள் என்றார்கள். என்ன செய்தாள் என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. கழகம் வருடாவருடம் நடத்துகிற தீபாவளிக் கிண்ணக் கால்பந்துப் போட்டி வேறு திடலுக்குப் போனது. வேலாயுதம் கேட்டுக்கொண்டபடி சபாபதி கிரைண்டரோடு போய் நேர்க்குழாய்களைக் குறுக்குக் குழாய்க்கு மேலே அறுத்தார்; மறுநாள் அவை பழையபடி இருபதடியில் நின்றன. அறுத்த இடத்தில் ஒரு வெல்டிங் ஓட்டம் இருந்தது. மீன் செதில்போல ஒன்றின்மேல் ஒன்றாக, சீராக. கிள்ளானில் அப்படி ஓட்டுகிற கை ஒன்றுதான் உண்டு, அது அவருடையது. மூன்று முறை அறுத்தார், மூன்று முறையும் தான் போடாத தன் வேலையைப் பார்த்தார். நான்காம் முறை கிரைண்டர் பழுது என்று சொல்லிவிட்டார்.

அதன்பிறகு போஸ்டுகள் நாட்டின் மனநிலையைக் காட்ட ஆரம்பித்தன. தேசியக் கால்பந்துக் குழு வென்ற இரவுகளில் குறுக்குக் குழாய் எட்டடி இரண்டு அங்குலம்வரை இறங்கி வந்தது. மோசமாகத் தோற்றால் விறுவிறுவென்று ஏறியது. கோலாலம்பூரிலிருந்து ஒரு பத்திரிகை வந்து அளந்து, ஏழாம் பக்கத்தில் நான்கு வரி எழுதியது. குளுவாங்கில் ஒரு பள்ளிக்கூடத்துப் போஸ்டும் ஆறங்குலம் வளர்ந்து பிறகு மனம் மாறிக்கொண்டதாகத் தகவல். சுங்கை சிப்புட்டில் அசையவே இல்லையாம். விளையாட்டுச் செய்தி பார்க்க நேரமில்லாதவர்கள் வேலைக்குப் போகிற வழியில் போஸ்டைப் பார்த்து முடிவைத் தெரிந்துகொண்டார்கள். சுரேகாவின் குழு எப்போதும்போல ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தன் பந்து எங்கே என்று அவள் சபாபதியிடம் ஒருநாளும் கேட்கவில்லை. அவள் போடுகிற தேநீர் மட்டும் ஒருநாளும் தவறாமல் நான்கு மணிக்கு வந்தது. சபாபதி அவள் முகத்தைப் பார்க்காமல் டம்ளரை வாங்கிக்கொள்வார்.

2020இல் எம்சிஓ என்ற நடமாட்டக் கட்டுப்பாடு வந்து எல்லாரும் வீட்டுக்குள் அடைந்தபோது, எந்தப் பந்தும் உருளாத நாட்டில் போஸ்டுகள் இறங்க ஆரம்பித்தன. ஏப்ரலில் இடுப்பு உயரம். மே மாதம் முழங்கால். மளிகைக்கடைக்குப் போகிற சாக்கில் சபாபதி வேலிக்கு வெளியே நின்று பார்ப்பார். தன் குழாய்கள் புல்லுக்குள் மறைந்துகொண்டிருந்தன. எந்த ஆட்டத்தின் போஸ்டாக இருந்தாலும் சரி, எழுந்து நின்றால் போதும் முனீஸ்வரா என்று முதல்முறையாக வேண்டிக்கொண்டார். தனியாக ஓடலாம் என்று அரசாங்கம் அனுமதித்த முதல்நாள், சுரேகா முகக்கவரியோடு திடலை நாற்பது சுற்று ஓடினாள். மறுநாள் போஸ்டுகள் பத்து அங்குலம் ஏறியிருந்தன. சபாபதி தானே டேப் பிடித்து அளந்தார்.

2022 மார்ச்சில் கழகத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம் கோயில் மண்டபத்தில் நடந்தது. ஆட்டங்கள் திரும்பிவிட்டன, போஸ்டுகளும் இருபதடிக்குத் திரும்பிவிட்டன. வேலாயுதம் தீர்மானம் கொண்டுவந்தார்: சுரேகாவும் அவள் குழுவும் இனித் திடலுக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது. விளக்கம் சொல்ல அவளையும் வரவழைத்திருந்தார்கள். கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தீர்மானத்தை வாசிக்கவேண்டியது செயலாளரின் வேலை. சபாபதி பாதிவரை வாசித்தார். பிறகு தாளை மடித்துவைத்துவிட்டு, கையோடு கொண்டுவந்திருந்த துணிப்பொட்டலத்தைப் பிரித்து, தையலில் இன்னும் மஞ்சள் ஒட்டியிருந்த அந்தப் பந்தை மேசைமேல் வைத்தார்.

"அன்னைக்குக் கும்பத்துல இருந்தது தேங்காய் இல்ல, இதுதான். வச்சது நான். கண் தெரியாம வச்சேன், அப்புறம் தைரியம் இல்லாம மறைச்சேன். மூணு வருசமா என் மருமகளைப் பேச விட்டுட்டு வேடிக்கை பார்த்தேன். அந்தப் போஸ்ட் வளர்ந்ததுக்கு யாரையாச்சும் துரத்தணும்னா என்னைத் துரத்துங்க."

நீயா சபா என்று வேலாயுதம் இரண்டு தடவை கேட்டார். கும்பத்தில் வைத்துக் கற்பூரம் காட்டி, தாங்களே விழுந்து கும்பிட்ட ஒன்றைத் திடலைவிட்டுத் துரத்துகிற தைரியம் அங்கே ஒருவருக்கும் இல்லை. வாக்கெடுப்பில் தீர்மானத்துக்கு ஒரு கைகூட எழவில்லை. வேலாயுதத்தின் கை பாதி எழுந்து, மூக்கைச் சொறிந்துவிட்டு இறங்கியது. கூட்டம் கலைந்ததும் சபாபதி பந்தை எடுத்துக்கொண்டுபோய் இரண்டு கையாலும் மருமகளிடம் நீட்டினார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் மாமா," என்றாள் சுரேகா. "வீட்டுக்குப் போய்ப் பையைத் திறந்தா தேங்காய் இருந்துச்சு."

சபாபதி நீட்டிய பந்தை அவள் வாங்கிக்கொண்டாள்.

"நான் சொல்லியிருந்தா உங்க பேரு போயிருக்கும். நீங்க வச்ச போஸ்ட், நீங்க வளர்த்த கழகம். நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். தேங்காயை அன்னைக்கே முனீஸ்வரருக்கு உடைச்சிட்டேன், வீணாக்கல."

திடலுக்கு இந்தப் பக்கம் பந்து கும்பிடப்பட்ட அதே நாளில் அந்தப் பக்கம் தேங்காயும் உடைபட்டிருக்கிறது என்றால், போஸ்டுகள் வளராமல் என்ன செய்யும் என்று விஷயம் தெரிந்ததும் லெட்சுமி கேட்டாள். இந்த விவகாரத்தில் யாராவது விளக்கம் என்று சொன்னது அது ஒன்றுதான். அந்த வார இறுதியிலிருந்து போஸ்டுகள் தாமாகவே ஓர் ஒழுங்குக்கு வந்தன: செவ்வாயும் வியாழனும் மாலை நான்கரைக்கு ஏறி நெருங்கின, சனி காலை இறங்கி விலகின. வலை கட்டுகிறவர்கள் பத்து நிமிடம் முன்னதாக வந்து, போஸ்ட் இறங்கி முடிக்கும்வரை டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். நகராண்மைக் கழகத்தின் ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டு, போஸ்ட் வகை என்ற கட்டத்தில் இரண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறு ஆண்டு ஜூலையில் மாநிலப் பெண்கள் எழுவர் ரக்பி இறுதியாட்டம் தாமான் கெம்போஜா திடலில் நடந்தது. கிள்ளானிலிருந்தும் பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் வந்த கூட்டம் கோயில் மதில்வரை நின்றது. தீபாவளிக் கிண்ணத்துக்கும் அத்தனை பேர் வந்ததில்லை என்பதை எண்ணிப் பார்த்த வேலாயுதமே ஒப்புக்கொண்டார். கடைசி நிமிடத்தில் சுரேகா தன்னைப் பிடித்த நான்கு பேரை இழுத்துக்கொண்டு பந்தோடு கோட்டுக்கு மேல் விழுந்து புள்ளி எடுத்தாள். சபாபதி எழுந்து நின்றார். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத சீனத்து அங்கிளின் தோளைப் பிடித்து, "அது என் மருமக," என்று தமிழிலேயே சொன்னார். அங்கிளுக்குப் புரிந்தது. அன்று மாலை போஸ்டுகள் முப்பதடிக்கு எழுந்து நின்றன. சபாபதி சுற்றிவந்து நூல் பிடித்துப் பார்த்தார். ஒரு மயிரிழை சாயவில்லை. என் கை வேலை ஆயிற்றே என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார், யாரும் மறுக்கவில்லை.

அந்த ஆண்டு ஆயுத பூசைக்கு வரிசையில் ஏழு கால்பந்துகளும் ஏழு ரக்பி பந்துகளும் இருந்தன. லெட்சுமி குடுமியோடு ஒரு நல்ல தேங்காய் அனுப்பியிருந்தாள். சபாபதி அதைத் தட்டிப் பார்த்து ஓரமாக வைத்தார். புதிதாக வாங்கிய மூக்குக்கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டு, சுரேகா பக்கம் கையை நீட்டினார். அவள் பழைய தோல் பந்தைக் கொடுத்தாள். மஞ்சள் பூசி, பட்டை போட்டு, மாவிலைக்கு நடுவில் உட்காரவைத்தார். கால்பந்துக்காரர்களும் ரக்பி பெண்களும் கும்பிட்டார்கள், பிறகு சுண்டல் கொடுத்தார்கள்.