முன் சக்கரத்தை நனைத்த கதை

1.

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியது என்று சொன்னால் பொய். இது என் மனைவி போட்ட உத்தரவு. எட்டு மாதமாக நானும் அவளுடைய தம்பியும் பேசிக்கொள்வதில்லை. நடுவில் தூது போய்ப் போய் அவளுக்குச் சலித்துவிட்டது.

"உங்க ரெண்டு பேர் கோவத்தையும் நான் சுமந்துட்டுத் திரிய முடியாது. கதை எழுதுற ஆளுதானே, எழுதிக் குடுங்க. அவன்கிட்ட குடுத்துடுறேன். அதோட என்னை விட்டுடுங்க" என்றாள்.

ஆகவே வாசகரே, உங்களுக்கு முன்பே இதைப் படிக்கப்போகிறவன் ஒருவன் இருக்கிறான். என் மச்சான். நில அளவையாளன். வீட்டில் டேப்பு என்று கூப்பிடுவோம். அவன் பென்சிலால் என்ன திருத்தம் எழுதி அனுப்பினாலும் அதை அடைப்புக்குறிக்குள் அப்படியே போடுவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

[டேப்பு: எட்டு மாதம் அல்ல. எட்டு மாதம் பதினொரு நாள்.]

பாருங்கள், ஆரம்பித்துவிட்டான்.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "விடியலின் மெல்லிய ஒளியில் மேற்குக் கடல் ஒரு" – ஒரு என்ன? அரை மணி நேரம் யோசித்தேன். கடல், கடல் மாதிரிதான் இருந்தது. அடித்துவிட்டேன்.

அடுத்த முயற்சி: "இரண்டு ஆண்கள். இரண்டு சைக்கிள்கள். இரண்டு கடல்கள்." சினிமா போஸ்டர் மாதிரி இருக்கிறது என்றாள் மனைவி. அதுவும் போயிற்று.

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். போன வருடம் நானும் டேப்பும் மேற்குக் கடலிலிருந்து கிழக்குக் கடல்வரை சைக்கிளில் போகக் கிளம்பினோம். 274 கிலோமீட்டர். ஐந்து நாள் திட்டம். கொஞ்சம் தார், நிறைய சரளைக்கல், தண்டவாளத்தைப் பிடுங்கிய பழைய ரயில் தடம், ஆற்றோரச் சேறு, கடைசியில் மணல்.

[டேப்பு: 274.3.]

இந்தப் பாதைக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. கிளம்பும் கடலில் ஒரு சக்கரத்தை நனைக்க வேண்டும், போய்ச் சேரும் கடலில் இன்னொரு சக்கரத்தை. எங்கே எது என்பது பாதைக் கையேட்டின் இரண்டாம் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிறது.

இங்கே என் பிழைப்பைச் சொல்லியாக வேண்டும். மிக்ஸி வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்குமே, நீங்கள் பிரிக்காமலே தூக்கிப் போடுவீர்களே, அதை எழுதுகிறவன் நான். "பயன்படுத்தும் முன் முழுமையாகப் படிக்கவும்" என்று பத்தொன்பது வருடமாக எழுதிவருகிறேன். ஊருக்குத்தான் உபதேசம்.

3.

கடற்கரையில் நடந்தது இவ்வளவுதான்.

"மாமா, கையேட்டைப் படிச்சீங்களா?"

"படிச்சேன்பா."

"எந்தச் சக்கரம்?"

சைக்கிளைக் கடலைப் பார்த்துத் தள்ளினால் எது முதலில் போகும்?

"முன் சக்கரம்."

கட்டில் வாங்கப் போனால்கூடக் கடைக்காரர் சொல்லும் அளவை நம்பாமல் குனிந்து அளக்கிறவன், என் வார்த்தையை அப்படியே நம்பினான். இருவரும் முன் சக்கரத்தை நனைத்தோம். ஒரு அலை என் காலுறைகளையும் சேர்த்து நனைத்தது. அவை இரண்டாம் நாள்தான் காய்ந்தன.

[டேப்பு: மூன்றாம் நாள். நான் அவருக்குப் பின்னால் வந்தேன். எனக்குத் தெரியும்.]

4.

இந்த இடத்தில் கதைக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டான். டேப்புக்கு ஒரு முறுக்கு மீசை வைத்து, அடிக்கடி அதைத் தடவவும் விட்டேன்.

"என் தம்பிக்கு மீசையே கிடையாதே" என்றாள் மனைவி.

"கதையில இருந்துட்டுப் போகட்டும்."

"கதையில உங்களுக்கும்தான் தலைமுடி காத்துல பறக்குது. எடுக்கிறதுன்னா ரெண்டையும் எடுங்க."

இரண்டையும் எடுத்துவிட்டேன். அவனுக்கு மீசை இல்லை, எனக்கு வழுக்கை, கதைக்கு வில்லன் இல்லை.

உண்மையைச் சொன்னால் அவன் நல்ல துணை. ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கும்போதெல்லாம் "இன்னும் 1.2தான் மாமா, இன்னும் 0.9தான் மாமா" என்று சொல்லிக்கொண்டே வருவான். எரிச்சல் எரிச்சலாக வரும். ஆனாலும் கால் மிதித்துவிடும்.

5.

மூன்றாம் நாள் மதியம் சரளைக்கல்லில் என் டயர் பஞ்சர். தள்ளிக்கொண்டு போய் ஒரு சைக்கிள் கடையில் நின்றோம். கடைக்காரம்மா டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே கேட்டார்.

"மேற்குக் கடல்ல இருந்தா? பின் சக்கரம் நனைச்சாச்சா?"

"முன் சக்கரம்" என்றான் டேப்பு.

அவர் கை நின்றது. "பின் சக்கரம்தாங்க கிளம்புற கடலுக்கு. முன் சக்கரம் போய்ச் சேர்ற கடலுக்கு. அப்படிப் பாத்தா நீங்க ரெண்டு பேரும் அன்னைக்கே பயணத்தை முடிச்சுட்டீங்க. வாழ்த்துகள்."

டேப்பு என் பையிலிருந்து கையேட்டை எடுத்தான். இரண்டாம் பக்கத்தைப் படித்தான். அது வாங்கியபோது இருந்த மாதிரியே மடிப்புக் கலையாமல் இருந்ததையும் பார்த்தான்.

"படிச்சேன்னு சொன்னீங்க."

"மேலோட்டமா படிச்சேன்."

"திரும்பிப் போவோம் மாமா. முதல் கோணல் முற்றும் கோணல். முதல் குச்சியைத் தப்பா நட்டா, கடைசி வேலி அடுத்த வீட்டுச் சமையலறையில போய் நிக்கும்."

ஒரு சக்கரத்தை நனைக்க 148 கிலோமீட்டர் பின்னால் போவதா? சிரித்திருக்கலாம். "தப்புதாம்பா" என்று சொல்லியிருந்தால் அவனே ஒரு வழி கண்டுபிடித்திருப்பான். நானோ, "உனக்கு அளக்க மட்டும்தான் தெரியும். நீ இல்லாட்டி எனக்கு ஒரு சுமை குறையும்" என்றேன்.

கடைக்காரம்மா தலை நிமிராமல் பஞ்சரையே ஒட்டிக்கொண்டிருந்தார். அவன் மேற்கே போனான். நான் கிழக்கே போனேன்.

(எழுதுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. மூன்றாம் பகுதியில் ஒரே ஒரு சொல்லை மாற்றினால் இந்தச் சண்டையே இல்லை. மூன்று தடவை மாற்றிப் பார்த்தேன். மூன்று தடவையும் இரண்டு பேர் சிரித்துக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் யாரென்றே எனக்குத் தெரியவில்லை.)

[டேப்பு: 148.6 கி.மீ. அவர் சொன்ன வார்த்தைகளில் திருத்தம் இல்லை.]

6.

முடிவு அ: நான் தனியாகக் கிழக்குக் கடலை அடைகிறேன். கடற்கரையில் நின்றவர்கள் கைதட்டுகிறார்கள். குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த முடிவு இதுதான். கைப்பேசியில் சார்ஜ் இல்லாததால் படம் எடுக்கவில்லை என்று சொல்லியிருந்தேன்.

முடிவு ஆ: டேப்பு மேற்குக் கடலுக்குத் திரும்பிப் போய்ப் பின் சக்கரத்தை முறைப்படி நனைத்து, அங்கிருந்து – தெரியாது. அவன் யாரிடமும் சொல்லவில்லை.

முடிவு இ: முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து எட்டு மாதம் ஆகிறது. நான் கிழக்குக் கடலைப் பார்க்கவே இல்லை. கடையிலிருந்து 64 கிலோமீட்டர் போனேன். மணல் தொடங்கியது. சக்கரம் புதைந்தது. இறங்கித் தள்ளினேன். கைப்பேசியில் இன்னும் 61 என்று காட்டியது, ஆனால் அதைப் பக்கத்தில் வந்து சொல்ல ஆளில்லை. வெட்கமாக இருந்தது. அவன் இல்லாதது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. காய்கறி ஏற்றிப் போன வேன் ஒன்றை நிறுத்தி, முட்டைக்கோஸ் மூட்டைகளின் மேல் சைக்கிளையும் அதன் பக்கத்தில் என்னையும் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வீட்டுக்கு வந்து "முடிச்சுட்டேன்" என்றேன்.

தப்புதாம்பா. கையேட்டைப் படிக்காததும் தப்பு, படித்தேன் என்றதும் தப்பு. கடையில் சொன்னதுதான் பெரிய தப்பு.

7.

ஆறாம் பகுதிவரை எழுதித் திங்கட்கிழமை கொடுத்தனுப்பினேன். வியாழக்கிழமை மனைவி திருப்பிக் கொண்டுவந்தாள். படித்திருந்தாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"முட்டைக்கோஸ் மேலயா வந்தீங்க?"

"ம்."

"அன்னைக்கு உங்க சட்டையில ஒரே மண்ணு. கடல் மணல்னு நெனச்சுத் துவைச்சேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஆறாம் பகுதியில் பென்சில் பட்டிருக்கவே இல்லை. 64க்கும் 61க்கும்கூடத் தசமப் புள்ளி வைக்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. தாளைத் திருப்பினேன். பின்பக்கத்தில் எழுதியிருந்தான்.

[டேப்பு: நானும் மேற்குக் கடலுக்குப் போகவில்லை. கடையிலிருந்து 3.4 கி.மீ. தூரத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று நினைத்தேன். இரண்டு மணி நேரம் நாற்பது நிமிடம்.]

அதன் கீழே அரைப் பக்கம் காலியாக விட்டிருக்கிறான். அங்கே நான் ஏதாவது எழுத வேண்டும் போலிருக்கிறது. எட்டு வாக்கியம் எழுதி எட்டையும் அழித்தேன். தாள் ஓட்டையாகிவிட்டது.

வாசகரே, அந்த அரைப் பக்கத்தை உங்களிடம் விடுகிறேன். அவன் கதவைத் திறந்தான் என்றோ திறக்கவில்லை என்றோ உங்கள் விருப்பப்படி எழுதிக்கொள்ளுங்கள். நான் இப்போது சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போகிறேன். குறைந்தது இரண்டு மணி நேரம் நாற்பது நிமிடமாவது வாசலில் உட்காரத் தயாராகத்தான் போகிறேன்.