நூல் வேட்டி

கடைசியாகக் குளிப்பாட்டி முடித்த பிறகும் அப்பாவின் நகக்கண்களில் வெள்ளிப் பூச்சு அப்படியே இருந்தது. கண்ணுச்சாமி சித்தப்பா சீயக்காய் போட்டுத் தேய்த்துப் பார்த்து ஓய்ந்துவிட்டார். முப்பத்தெட்டு வருடம் நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலந்த கை அது. நெஞ்சில் சளி கட்டிப் படுத்த இருபது நாளில் அலுமினியப் பவுடர் எங்கே போய்விடும்?

மருந்து கலக்கும் வேலை வெயில் ஏறுவதற்குள் முடிய வேண்டும். அதனால் விடியும் முன்பே கிளம்பிவிடுவார். பத்து மணிக்குத் திரும்பி, கூழைக் குடித்துவிட்டு, மண்வெட்டியோடு மானாவாரிக் காட்டுக்குப் போவார். என்னையும் தம்பி பாண்டிமுருகனையும், செத்துப்போன அத்தையின் இரண்டு பிள்ளைகளையும் அப்படித்தான் வளர்த்து ஆளாக்கினார். அவர் கால் நீட்டி நான் பார்த்தது இந்த இருபது நாள்தான்.

மருந்து அறைக்குள் நூல் துணியோடுதான் போக வேண்டும். நைலானோ பாலியஸ்டரோ உரசினால் பொறி கிளம்பும். வாசலில் ஒரு செம்புத் தகடு இருக்கும். அதில் கை வைத்து, உடம்பில் உள்ள கரண்டை இறக்கிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்கலாம். நானும் அதே கம்பெனியில்தான் திரி வைக்கிறேன். முப்பது வயதில் எழுத்துக் கூட்டக் கற்றபோது, மருந்து அறைச் சுவரில் எழுதியிருந்த விதிகளைத்தான் முதலில் வாசித்தேன். அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்த விதிகளை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். எங்கள் வீட்டில் யாரும் பாலியஸ்டர் உடுத்தியதில்லை. வேலையிலிருந்து வந்ததும் வாசல் ஜன்னல் கம்பியில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பார். அதன் பிறகுதான் பேரப்பிள்ளைகளைத் தூக்குவார். இது என்ன மருந்து ரூமா என்று நாங்கள் சிரிப்போம். அங்கன உள்ளதைவிட இங்கன உள்ளதுதான் பெரிய சரக்கு என்பார்.

கோடித் துணி போர்த்தும் நேரம் வந்தது. பாண்டிமுருகன் லோடு லாரி ஓட்டுகிறவன். சேதி கேட்டு ஓடி வந்தவன், சிவகாசி பஜாரில் இறங்கி ஜரிகைக் கரை போட்ட பட்டு வேட்டி ஒன்று வாங்கி வந்திருந்தான். உறையிலிருந்து உருவி உதறினான். மெல்லிசாகச் சடசடவென்றது. என் முன்கை மயிர் எழுந்து நின்றது. அது பட்டு இல்லை.

நான் அதன் நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

"வேண்டாம்லே. இது நைலான். அப்பா மேல படக்கூடாது."

கடைக்காரன் பட்டு என்றுதான் கொடுத்தான் என்றான். சொந்தபந்தம் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் முகம் கறுத்துவிட்டது.

"ஒரு நாளாவது மினுக்கா போகட்டும் யக்கா. காலமெல்லாம் கந்தலோடதான கெடந்தாக."

அவன் சொன்னதில் தப்பில்லை. பட்டாசு வேலை உனக்கு வேண்டாம் என்று அவனை அடித்து விரட்டி, லாரியில் ஏற்றியவர் அப்பா. அவன் ஆசையாக வாங்கி வந்த சட்டைகளை எல்லாம் விரலால் தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அவர் வேண்டாம் என்று சொல்ல முடியாத நாள் இது ஒன்றுதான்.

"எரியப்போற ஒடம்புக்கு நூலென்ன, நைலானென்ன தாயி? விடு, நேரமாகுது" என்றார் சித்தப்பா.

ஒரு பொறி படாமல் முப்பத்தெட்டு வருடம் காத்த உடம்பு. துணியைப் பிடித்திருந்த விரல்கள் தாமாகத் தளர்ந்தன.

அம்மா காலையிலிருந்து தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அப்பா முகத்தைப் பார்த்தபடியே பேசினாள்.

"கல்யாணத்துக்கு எங்கண்ணன் எடுத்துக் குடுத்த நைலக்ஸ் சீலைய, மறுவாரமே எங்கிட்ட இருந்து பறிச்சாக. மூணு நா அழுதேன். இன்னைக்கு இவுக மட்டும் கட்டிக்கிட்டுப் போயிருவாகளோ?"

யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அழுகையானது. அம்மாவும்தான் அழுதாள்.

பாண்டிமுருகன் கொண்டுவந்த வேட்டியை மடித்து உறைக்குள் வைத்தான். உள்ளே போய், கொடியில் கிடந்த அப்பாவின் வேலை வேட்டியை எடுத்து வந்தான். எத்தனை முறை துவைத்தாலும் போகாத வெள்ளித் திட்டுகள் அதில் இருந்தன. சித்தப்பா அதன் ஒரு நுனியைப் பிடித்தார். இருவருமாகப் போர்த்தினார்கள்.

தூக்கினார்கள். பெண்கள் நாங்கள் வாசலோடு நின்றுவிட்டோம். தலைமாட்டில் தோள் கொடுத்திருந்த பாண்டிமுருகன் ஜன்னல் பக்கம் வந்ததும் நிற்கச் சொன்னான். என்னலே என்றார் சித்தப்பா. அவன் ஒரு கையால் வேட்டியை விலக்கி, அப்பாவின் விறைத்த கையைப் பிடித்து, உள்ளங்கையைக் கம்பியில் பதித்தான். அப்பா நிற்கிற அளவு நேரம் அப்படியே வைத்திருந்தான். யாரும் அவசரப்படுத்தவில்லை.

பிறகு கையை உள்ளே வைத்து மூடினான்.

"ம், நடங்க" என்றான்.