ஸ்பிரிட் இல்லாத அத்தர்

என் கணவர் ஹமீடின் கடை அத்தரில் ஒரு சொட்டு ஸ்பிரிட் கிடையாது என்று காத்தான்குடி முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நான்தான். பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படிப்பிக்கிற றபீக்கா சொன்னால் பெண்கள் மறுபேச்சில்லாமல் வாங்குவார்கள். ஸ்பிரிட் மது வகை, பூசித் தொழக்கூடாது என்று அவர்களுக்குப் பயம்; இதைப் பூசிக்கொண்டு தொழலாம், சந்தேகமே வேண்டாம் என்பேன். அவரை அவ்வளவு நம்பினேன்.

எங்கள் ஆய்வுகூடத்துக்குக் கருக்காந்தப் பரிவு (NMR) இயந்திரம் ஒன்று வந்தது. மேசையிலேயே வைக்கலாம், மைக்ரோவேவ் அடுப்பைவிடப் பெரிதில்லை. மெல்லிய கண்ணாடிக் குழாயில் திரவத்தை விட்டு உள்ளே இறக்கினால், அதில் என்னென்ன இருக்கிறது என்பதைத் திரையில் கோடுகளாகக் கீறிவிடும். முதல் வகுப்பில் எதனோலைப் போட்டுக் காட்டினேன். ஸ்பிரிட் என்று நாம் சொல்வது அதைத்தான். ஓரிடத்தில் மூன்று முனை, இன்னோரிடத்தில் நான்கு முனை. இந்தச் சோடியை மறக்கவே கூடாது என்றேன்.

அடுத்த வகுப்பில், வீட்டுச் சாமான் ஏதாவது போடச் சொல்லி மாணவர்கள் நச்சரித்தார்கள். கைப்பையிலிருந்த எங்கள் கடை அத்தரை எடுத்துக் கொடுத்தேன், பெருமையாகத்தான்.

"மிஸ், மூண்டும் நாலும்!" என்று கத்தினாள் விதுர்ஷா. "இது எதனோல்தானே?"

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

வீட்டில் கேட்டபோது ஹமீட் அசரவே இல்லை.

"ஓம் புள்ள, கொஞ்சம் கலக்கிறதான். பூசினொடன பறந்து போயிரும். தொழுகைக்கு ஒண்டும் ஆகாது."

"என்ன வெச்சுப் பொய் சொல்ல வெச்சிட்டீங்களே?"

"நீ சொன்னாத்தானே நம்புறாங்க."

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும், மனிதருக்கு மார்க்கத்தில் அவ்வளவுதான் விளக்கம், தெரியாமல் செய்கிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மன்னிக்கவும் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து அவர் கழற்றிப் போட்ட சட்டையின் பையில் சின்னக் குப்பி ஒன்று இருந்தது. பள்ளிவாசலுக்குப் போகும்போது அவர் பூசுவது. திங்கட்கிழமை அதையும் இயந்திரத்தில் இறக்கினேன்.

மூன்றும் இல்லை, நான்கும் இல்லை. சுத்தமான எண்ணெய்.

ஸ்பிரிட்டைப் பூசித் தொழ அவருக்கே மனம் வரவில்லை. தனக்கென்று நல்லதை எடுத்து வைத்துவிட்டு எனக்குக் கடைச் சரக்கைத் தந்திருக்கிறார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவர் கண் முன்னேதான் அதைப் பூசிக்கொண்டு தொழுகைக்கு நிற்கிறேன். ஒரு நாளாவது என் கையைப் பிடித்துத் தடுத்திருக்கலாம்.