பச்சை நூல் கட்டிய கேசட்டுகள்

"மார்ச் 9, ஞாயிறு. இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். மாமாவின் வீடியோ கேசட்டுகளில் பச்சை நூல் கட்டியிருந்தவற்றை எல்லாம் 'டிவிடி இருக்கிறது, கேசட் வேண்டாம்' என்ற பெட்டியில் போட்டுவிட்டேன். 'ஒலி சரி' என்றும் எழுதினேன். ஆனால் கேசட்டின் இரண்டு ஒலித் தடங்களில் ஒன்றை மட்டும்தான் கேட்டேன். இரண்டையும் கேட்க வேண்டும் என்று வகுப்பில் சொன்னபோது தலையாட்டியவள் நான்தான். பெரிய வித்தியாசம் எதுவும் இருக்காது. இருந்தாலும் மனசு ஒப்பவில்லை. நாளைக்குப் போய்க் கேட்டுவிட வேண்டும்."

எழுதி முடித்ததும் சுண்டு 'சின்ன' என்ற சொல்லை அடித்தாள். அடித்தது அதிகப்படியோ என்று தோன்றவே, அதை மறுபடியும் மேலே எழுதினாள். அவள் சுபாவமே அதுதான். பூட்டிய கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாள். பார்த்துவிட்டு, இழுத்ததில் பூட்டு தளர்ந்திருக்குமோ என்று யோசிப்பாள். பகலில் பல் மருத்துவமனையில் வருகிறவர்களுக்கு நேரம் ஒதுக்கும் வேலை. வாரத்தில் சில நாள் மாலையில் பழைய ஒலி, ஒளிப் பதிவுகளைப் படியெடுத்துப் பாதுகாக்கக் கற்றுத்தரும் வகுப்பு. சுண்டு என்பது மாமா வைத்த பெயர். வீட்டில் எல்லோரையும்விட உயரம் குறைவு என்பதால் அதுவே ஒட்டிக்கொண்டது.

அந்த வகுப்பில் அவள் சேர்ந்ததற்கும் மாமாதான் காரணம். மாமா வீட்டு நடு அறையில் ஒரு சுவர் முழுக்கப் பழைய ஹாலிவுட் படங்கள். கீழ்த்தட்டில் கேசட்டுகள், நடுவில் சாப்பாட்டுத் தட்டை விடப் பெரிய லேசர் டிஸ்க்குகள், மேலே டிவிடிகள். பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. அச்சகத்தில் வண்ணம் சரிபார்ப்பவராக இருந்தவர் மாமா. சிவப்பு சிவப்பாக விழுந்திருக்கிறதா, நீலத்தில் பச்சை கலந்துவிட்டதா என்று பகல் முழுக்கப் பார்த்துவிட்டு வருகிற கண்ணுக்குக் கறுப்பும் வெள்ளையும்தான் ஓய்வு என்பார். ஒரு படம் கேசட்டில் வந்தால் வாங்குவார். அதுவே லேசர் டிஸ்க்கில் வந்தால் அதையும் வாங்குவார். கீறல் நீக்கி, துடைத்து, டிவிடியில் விட்டால் அதற்கும் முதல் ஆளாகப் போய் நிற்பார்.

"ஒரே பொண்ணை மூணு தடவை கட்டிக்கிற ஆளை இங்கதான் பாக்கிறேன்" என்பாள் அத்தை.

போன வருடம் மாமாவின் பார்வையில் நடுப்பகுதி போய்விட்டது. ஓரத்தில் ஜன்னல் தெரியும், கதவு தெரியும். நேரே பார்த்தால், எதிரில் நிற்பவரின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மங்கல்தான். இனி திரும்ப வராது என்று கண் மருத்துவர் தெளிவாகவே சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்ததும் மாமா டிவிமேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினார்.

"பக்கத்துல உக்காந்து என்ன நடக்குதுன்னு நான் சொல்றேனே" என்று அத்தை கேட்டுப் பார்த்தாள்.

"பாவம் பாத்து யாரும் எனக்குப் படம் ஓட்ட வேண்டாம்."

அதோடு அந்தப் பேச்சு நின்றுபோனது. மாமா பழைய பட வியாபாரிக்குப் போன் செய்து, புதன்கிழமை வண்டியோடு வரச் சொல்லிவிட்டார். அலமாரியில் ஒன்றுகூட மிச்சம் வைக்கக் கூடாது. விலை போகிறது விற்கட்டும், போகாதது குப்பைக்குப் போகட்டும். பிரித்து வைக்கத்தான் சுண்டுவைக் கூப்பிட்டார்கள். அலமாரி காலியானால் இந்த மனுஷனும் சேர்ந்து காலியாகிவிடுவார் என்ற பயம் அத்தையை அரித்தது. வாய் திறந்து சொல்லவில்லை. குழம்பில் மட்டும் சில நாட்களாக உப்பு எக்கச்சக்கமாக விழுந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை மாலை சுண்டு செருப்பைக் கழற்றும்போதே அத்தை பிடித்துக்கொண்டாள்.

"மறுபடி எதுக்குடி வந்த? நேத்தே முடிஞ்சிதுன்னு சொன்ன?"

"ஒரு சந்தேகம் அத்தை."

"உனக்கு என்னைக்குதான் சந்தேகம் இல்ல? பொறந்தப்ப அழலாமா வேண்டாமான்னு யோசிச்சிட்டுத்தான் அழுதியாம், உங்கம்மா சொல்லுவா."

மாமா ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்திருந்தார். "அவளை விடு. சரிபாக்கிற வேலைன்னா ரெண்டு தடவை பாக்கத்தான் வேணும்."

சுண்டு போர்வையை விலக்கினாள். பெட்டியிலிருந்து பச்சை நூல் கட்டிய கேசட் ஒன்றை எடுத்து மாமாவின் பழைய பிளேயரில் தள்ளினாள். இந்த மாதிரி கேசட்டில் ஒலி இரண்டு இடத்தில் இருக்கும். படத்தோடு சேர்ந்தே ஓடுகிற நல்ல ஒலி ஒன்று. நாடாவின் ஓரமாக, பழைய பிளேயர்களுக்கென்று வைத்த சாதாரண ஒலி இன்னொன்று. சாதாரணமாக இரண்டிலும் ஒரே வசனமும் இசையும்தான் இருக்கும். பிளேயர் தானாகவே நல்லதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். அவள் ரிமோட்டில் ஓரத் தடத்துக்கு மாற்றினாள்.

இசை சட்டென்று அறுந்தது. ஒரு பெண் குரல், கணீரென்று:

"ரயில் நிக்குது. ஒருத்தன் இறங்குறான். தொப்பி, நீளக் கோட்டு, திருட்டு முழி. கையில பெட்டி. அதே மாதிரி பெட்டி பின்னால வர்ற பொண்ணு கையிலயும் இருக்கு. கவனமா கேட்டுக்கக்கா, ரெண்டும் மாறப்போகுது."

அத்தை கரண்டியோடு ஓடி வந்தாள். "ஐயையோ! அதை நிறுத்துடி!"

"அத்தை, இது உங்க குரலா?"

"பின்ன யாரு, அந்த ஹீரோயினா?" என்றார் மாமா நாற்காலியிலிருந்து. "என் கேசட்டை எல்லாம் பாழாக்கின குரல்."

"ஒண்ணும் பாழாகல. உங்க இங்கிலீஷ் அப்படியேதான் இருக்கு. ஓரத்துலதானே பேசினேன்?"

சண்டையின் நடுவே கதை துண்டு துண்டாக வெளியே வந்தது. அத்தை அப்போது பஸ் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தாள். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்லும் வேலை. மேல் வீட்டில் ஒரு தையல்கார அக்கா. மதியத்தில் இந்த அறையில்தான் வெளிச்சம் நன்றாக விழும் என்று, பொத்தான் தைக்கவும் காஜா எடுக்கவும் கீழே வந்து உட்காருவாள். படம் என்றால் அக்காவுக்கு உயிர். ஆனால் இங்கிலீஷும் தெரியாது, ஊசியிலிருந்து கண்ணையும் எடுக்க முடியாது. அதுவரை பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லிவந்த அத்தை, மதிய ஷிப்ட் வந்தபோது, பிளேயரில் ஒலியை மட்டும் மாற்றிப் பதியும் பட்டன் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தாள். காலையில் மைக்கைச் சொருகி, திரையில் நடப்பதை எல்லாம் பேசி வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். அக்கா கேட்டுக்கொண்டே தைப்பாள். லேபிளைப் படிக்கத் தெரியாததால், அத்தை பேசிய கேசட்டுகளில் அடையாளத்துக்கு அக்காவே பச்சை நூல் கட்டி வைத்தாள்.

"கடையில வாங்கின கேசட்டு. யாரும் மேல பதியக் கூடாதுன்னுதான் அதுல ஒரு மூலைய உடைச்சி விட்டிருப்பான்" என்றார் மாமா. "இவ அந்த ஓட்டையில செலோடேப் ஒட்டிப் பதிஞ்சிருக்கா! சொல்லு சுண்டு, இதை எங்கயாவது கேட்டிருக்கியா?"

"இவரு அன்னைக்கு முறுக்கிக்கிட்டவருதான். ஓரத்துல நான் என்ன பேசியிருக்கேன்னு ஒரு நாள்கூடக் கேக்கல."

படம் ஓடிக்கொண்டிருந்தது. சுண்டு நிறுத்தத்தான் போனாள். அதற்குள் குரல், "வாசல்ல ஒரு கறுப்பு காரு வந்து நிக்குது" என்றது.

"கறுப்பில்ல. கருஞ்சிவப்பு" என்றார் மாமா.

அத்தை இடுப்பில் கை வைத்தாள். "கறுப்பு வெள்ளைப் படத்துல கருஞ்சிவப்பை எங்கேருந்து பாத்தீங்க?"

"அது கருஞ்சிவப்போட சாம்பல். கறுப்போட சாம்பல் இன்னும் அடர்த்தியா இருக்கும். எத்தனை வருஷம் அந்த வேலை பாத்தேன், எனக்குத் தெரியாதா?"

சுண்டுவுக்குச் சிரிப்பு வந்தது. ரிமோட்டை எடுத்தவள் அப்படியே வைத்திருந்தாள். மாமா தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எரிச்சலாக, "வெறும் குரலா ஓடுது, கடை விளம்பரம் மாதிரி. ரெண்டு தடத்தையும் சேத்துப் போடு. ரிமோட்டுல கீழ்வரிசை, கடைசி பட்டன்" என்றார்.

அழுத்தினாள். குரலுக்கு அடியில் இசை வந்தது. ரயில் சத்தம் வந்தது. நடிகையின் காலடி ஓசை வந்தது. அத்தை சமையலறைக்குத் திரும்புவதுபோல இரண்டடி வைத்து, வாசல் நிலையில் சாய்ந்து நின்றுவிட்டாள். கரண்டியிலிருந்து குழம்பு தரையில் சொட்டியதை யாரும் கவனிக்கவில்லை.

"பெட்டியத் திறக்கிறா. உள்ள என்னன்னு நமக்குக் காட்டல, அவ மூஞ்சியத்தான் காட்டுறாங்க. முதல்ல சிரிக்கிறா. சின்னப் பொண்ணு மாதிரி. இப்ப சிரிப்பு வாயில மட்டும் இருக்கு, கண்ணுல இல்ல. உதட்டைக் கடிக்கிறா. அழப்போறான்னு நினைக்காதக்கா, அவ அழ மாட்டா."

மாமாவின் விரல்கள் நாற்காலிக் கையில் தாளம் போடுவதை நிறுத்தின. ஒரு வருடமாக அவர் யார் முகத்தையும் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார். படம் முடியும்வரை அசையவில்லை.

முடிந்ததும் தொண்டையைச் செருமினார். "மாடிப்படி நிழலைச் சொல்லாம விட்டுட்ட. அந்தப் படத்துல அதுதான் அழகே."

"உங்க நிழல் யாருக்கு வேணும்? யாரு யாரைக் கட்டிக்கிறாங்கன்னுதான் அக்காவுக்குத் தெரியணும்."

"மாமா, நான் இதை எல்லாம் வேண்டாத பெட்டியில போட்டிருந்தேன்" என்று சுண்டு குரலை இறக்கிச் சொன்னாள். "ஒரு தடம்தான் கேட்டேன். தப்பு என்னோடது."

"வந்து பாத்தேல்ல? அப்புறம் என்ன? அடுத்த நூலை எடு."

செவ்வாய்க்கிழமையும் பச்சை நூல்தான் ஓடியது. ஆனால் அவை கொஞ்சம்தான், அலமாரியோ கடல். புதன்கிழமை மாலை வியாபாரி அட்டைப்பெட்டிகளோடு வந்தபோது மாமா வார்த்தை மாறவில்லை.

"பச்சை நூல் கட்டினது இருக்கட்டும். மத்ததை எல்லாம் எடுத்துக்கப்பா."

அத்தையின் முகம் சுருங்கியதைச் சுண்டு பார்த்தாள். அத்தை மறுபடியும் கேட்க மாட்டாள். ஒரு தடவை கேட்டு மூக்குடைபட்டவள். மாமாவும் கேட்க மாட்டார். பாவம் வேண்டாம் என்றவர். நடுவில் வியாபாரி மேல்தட்டைக் காலி செய்துகொண்டிருந்தான்.

"இது அந்த லைட்ஹவுஸ் படம்தானே சார்?" என்று ஒரு டிவிடியைத் திருப்பிப் பார்த்தான். "இந்தப் பதிப்பு இப்ப கிடைக்கிறதே இல்ல."

மாமாவால் சும்மா இருக்க முடியவில்லை. "கடைசிக் காட்சியில விளக்கை அணைச்சிட்டுத் திரும்புவா பாரு. ஒளி அவ கன்னத்துல பட்டுப் போகும். இவளைக் கேளு, சொல்லுவா."

"என்னைக் கேட்டா?" என்றாள் அத்தை. "நான் அந்தப் படத்தைப் பாத்ததே இல்ல."

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னது?"

"பாத்ததில்ல. நான் ஷிப்ட் முடிஞ்சி வர்றப்ப உங்க படம் பாதியில இருக்கும். சாப்பாட்டைப் போட்டுட்டுப் படுத்துடுவேன். நான் பேசினதைத் தவிர இந்தச் சுவத்துல வேற எதையும் நான் பாக்கல."

"தோட்டக்காரன் படம்?"

"இல்ல."

"ரெண்டு அக்கா தங்கச்சி, ஒரே வக்கீலு? அதுகூடவா?"

"அதுல வக்கீல் வேற இருக்கானா?"

மாமா கண் போன செய்தியைக் கேட்டபோதுகூட இப்படி அதிர்ந்ததில்லை. இத்தனை வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு லைட்ஹவுஸ் படத்தைப் பார்க்காத ஒருத்தி! அவர் வியாபாரி பக்கம் கையை நீட்டினார். கை கொஞ்சம் இடம் தவறிப் பெட்டியின் விளிம்பில் பட்டது.

"தம்பி, அதைக் கீழ வை. இவ இன்னும் பாக்கல."

"எது சார், இது ஒண்ணா?"

"எல்லாத்தையும் வை. ஒண்ணும் பாக்கலங்கிறா, உன் காதுல விழலையா? இவளுக்கு ஒவ்வொண்ணா போட்டுக் காட்டணும். நிழல் எங்க விழுது, எதைப் பாக்கணும்னு நான் சொல்லுவேன். என்ன தெரியுதுன்னு இவ எனக்குச் சொல்லட்டும்."

அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சொல்லும்போது குறுக்க பேசினா எழுந்து போயிடுவேன்."

"நிழலை விட்டா பேசத்தான் செய்வேன்."

வெறுங்கையோடு போகவேண்டுமா என்ற தோரணையில் வியாபாரி நின்றான். பிளேயர் கெட்டுப்போய்ச் சும்மா கிடந்த லேசர் டிஸ்க்குகளை எல்லாம் மாமா அவன் தலையில் கட்டினார். அவனும் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டு போனான். நடுத்தட்டு காலியானதில் அந்த இடம் மட்டும் பல் விழுந்த வாய்போல இருந்தது.

டிவிடியில் கேசட் மாதிரி மேலே பேசிப் பதிய முடியாது என்று சுண்டு விளக்கினாள். மாமா மறுபடியும் கேட்க வேண்டுமென்றால், அத்தையின் குரலைத் தனியாகப் பதிந்து, படத்தோடு ஒரே நேரத்தில் ஓடவிட வேண்டும். சரியாக வருமா என்று அவளுக்கே நிச்சயமில்லை. அதையும் சொன்னாள்.

"வரலன்னா இன்னொரு தடவை பண்ணு" என்றார் மாமா. அவர் ஏற்கெனவே எந்தப் படத்தில் தொடங்குவது என்று அத்தையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

நாளை வகுப்பு முடிந்ததும் மைக்கைக் கடன் வாங்கி வர வேண்டும். ஏழு மணிக்கு லைட்ஹவுஸ் படத்தின் முதல் அரைமணி நேரம். அதற்கு முன்னால், மைக்கில் இரைச்சல் விழாமல் இருக்கச் சமையலறைப் புகைபோக்கி விசிறியை நிறுத்த வேண்டும்.