ஏறுபலகையின் முன் ஒரு பணிவுப் போர்

குளிர்காலக் கதிரவன் சோம்பி எழ, தொழுகைப்பள்ளிகளின் கூர்ங்கோபுரங்களில் செம்மை மெல்லப் படர, இரு நிலங்களைப் பிரித்தும் இணைத்தும் ஓடும் போசுபரசு நீரிணை, உருக்கி வார்த்த ஈயம்போல் கனத்துக் கிடந்தது. எண்ணெய்க் கப்பல்கள் இரவின் எச்சங்களாய் வடக்கு நோக்கி ஊர்ந்தன. கடற்காகங்கள் எள்வளைய ரொட்டியின் துணுக்குக்காகத் தம்முள் பூசலிட்டு, தற்பெருமை பேசுவோரைப்போல் வானை இரைச்சலால் நிறைத்தன. இசுதான்புல் மாநகரின் கீழ்க்கரையில், பச்சை வண்ணம் உரிந்த மரத்தூண்களின்மேல் நிற்கும் செர்விலிப் படகுத்துறை, அன்று வழக்கத்துக்கு மாறாக மாந்தரால் பிதுங்கியது. நல்லோரே, அக்கூட்டத்தைக் கண்டு மகிழ்ந்துவிடாதீர்கள். படகைக் காக்கத் திரண்ட அப்பெருமக்கள் அனைவரும் தத்தம் மகிழுந்துகளில் வந்திறங்கியவர்கள். நாள்தோறும் பாலத்தின்வழி எதிர்க்கரை செல்பவர்கள். படகின் உட்புறம் எவ்வாறிருக்கும் என்பதையே மறந்தவர்கள்.

ஏறுவோர் இல்லாத துறைக்குப் படகு எதற்கு என்று நகரப் போக்குவரத்து அலுவலகம் கேட்கத் தொடங்கியிருந்தது. அக்காலைப் படகில் அலுவலர் ஒருவர் வந்து, ஏறுவோரை நேரில் கண்டு, துறையை வைத்திருப்பதா மூடுவதா என்று முடிவுசெய்வதாக ஏற்பாடு. உடனே செர்விலியின் பெரியோர் துறைகாப்புக் குழு ஒன்றை நிறுவி, எங்கள் துறையே எங்கள் உயிர் என்று துணியில் பொறித்து, தம் உயிரில் அன்று ஒருநாள் மட்டும் ஏறிப் பார்ப்பதென்று உறுதி பூண்டனர்.

அக்காலைப் படகுக்கு நாள் தவறாமல் வருபவள் நிகார் ஒருத்தியே. எதிர்க்கரை மருத்துவமனையில் நோயாளிகளின் துணி வெளுக்கும் கூடத்தில் அவளுக்கு வேலை. மகள் துய்கு பள்ளிவாயிலுக்குள் நுழைவதைப் பார்த்துவிட்டு ஓடிவந்து ஏறினால் வேளைக்குப் போய்ச் சேர்வாள். பேருந்தோ பாலத்து நெரிசலில் சிக்கிக் காலையையே விழுங்கிவிடும். படகு நின்றால், ஒன்று வேலையை விடவேண்டும். அன்றி, பள்ளி திறக்குமுன்னரே மகளைத் தெருவில் விட்டுச் செல்லவேண்டும்.

“என்னக்கா, இன்னிக்கு ஊரே உன்கூட வருது போல,” என்றான் கரையில் வடம் வாங்கிக் கட்டும் துர்முசு.

“வரட்டும். ஏறுனாங்கன்னா சரி,” என்றாள் நிகார். சென்ட் மணத்தாலும் கம்பளி மேலாடைகளாலும் ஆன அக்கூட்டத்தின் பின்னே நின்று, அவர்களைப் பார்க்கவும் விரும்பாதவளாய்த் தண்ணீரைப் பார்த்தாள்.

படகு தூண்களை உரசி நின்றது. துர்முசு ஏறுபலகையை இட்டான். பலகையின் வாயிலில், ஓய்வுபெற்ற கப்பற்படைத் தலைவர் தலாத்தும், பெரிய மருந்துக்கடையின் உரிமையாளர் காத்ரியும் தோளோடு தோள் வந்து நின்றனர்.

“ஏறுங்க, தலாத் ஐயா.”

“சேச்சே, உங்களுக்கு முன்னாடி நானா? நீங்க ஏறுங்க.”

“உங்க வயசுக்கு முன்னாடி நான் காலை வச்சா ஊரு சிரிக்கும்.”

“என் வயசை ஊருக்கே சொல்லிட்டு அப்புறம் மரியாதை வேறயா?”

“சரி, வலது பக்கம் நிக்கிறவங்க முதல்ல. அதுதானே நம்ம வழக்கம். நீங்கதான் வலது பக்கம்.”

தலாத் அதைக் கேட்டதும் புன்முறுவலோடு பின்வாங்கி, காத்ரியின் இடப்புறம் சென்று நின்றார்; இப்போது வலப்புறம் நின்றவர் காத்ரி. அவர் விடுவாரா? அவரும் பின்வாங்கி இடப்புறம் சென்றார். இவ்வாறு இருவரும், செக்கு இல்லாமலே செக்குமாடுகளாய், நெஞ்சில் கைவைத்து வணங்கியபடி சுழன்றனர். பின்னே நின்ற வழக்கறிஞர் வீட்டுத்தரகரை வேண்ட, தரகர் பல்மருத்துவரை வேண்ட, அத்தொற்று கூட்டம் முழுவதும் பரவியது. அது பணிவென்று எண்ணவேண்டா. முந்தி ஏறியவன் வளர்ப்பில்லாதவன் என்று மாலையில் தேநீர்க்கடையில் பேசுவார்களே என்னும் நடுக்கம். விட்டுக்கொடுத்து வெல்லத் துடிக்கும் செருக்கு.

“யாராவது ஒருத்தர் ஏறுங்களேன். படகு போயிடும்,” என்றாள் நிகார்.

“பொறும்மா. பெரியவங்க பேசிட்டிருக்கோம்ல,” என்றார் காத்ரி.

படகின் ஊதல் ஒலித்தது. நிகார் தலாத்தின் கைக்கடியில் குனிந்து, காத்ரியின் பளபளக்கும் காலணியை நன்றாக மிதித்து, உள்ளே தாவினாள். துர்முசு பலகையை இழுத்தான்.

“ஏய், நாங்க இன்னும் ஏறலையேப்பா,” என்றார் தலாத்.

“அது தெரியுதுங்க. ஊதியாச்சு, நான் என்ன பண்ண?” என்றான் துர்முசு.

படகுக்கும் துறைக்கும் இடையே நீர் அகன்றது. மேல்தளத்தில் தேநீர்க் குவளையுடன் நின்ற அலுவலர் நிகாரை நோக்கினார்.

“அவ்வளவு பேரும் உங்களை வழியனுப்பவா வந்தாங்க?”

“இல்லைங்க. ஏறத்தான் வந்தாங்க.”

“அப்புறம் ஏன் ஏறலை?”

“மரியாதைங்க.”

அலுவலர் அதனை நகையாடல் என்று கொண்டு சிரித்தார். பின் முகம் மாறி, “உண்மையைச் சொல்லுங்க. படகைத் தொடர்ந்து ஓட்டினா இவங்க நாளைக்கு ஏறுவாங்களா?” என்றார்.

ஏறுவார்கள் என்னும் ஒரு பொய் போதும்; மகளுக்காக அதைச் சொல்ல நிகார் வாய் திறந்தாள். அப்பொழுது கரையில் மகிழுந்துகளின் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாய் எரிந்தன. துறைகாப்புக் குழு வரிசையாய்ப் பாலத்தை நோக்கிப் புறப்பட்டது. அலுவலரும் அதைக் கண்டார். பொய் அவள் நாவிலேயே வற்றியது.

“நான் ஏறுவேன்,” என்றாள்.

“ஒருத்தருக்காகப் படகு ஓட்ட முடியுமாம்மா?” என்றார் அவர். அக்குரலில் வன்மம் இல்லை, அதுவே கொடிது.

இளவேனில் பிறக்குமுன் துறை மூடப்பட்டது. பெரியோர் மீன் விருந்துண்டு அதற்கு இரங்கல் தெரிவித்தனர். ஒருவர் கண்ணீரும் விட்டார் என்பர். தோற்றத்தைக் காக்கத் தேவையைத் தொலைக்கும் ஊரில், அவ்விழப்பின் சுமை, ஒருநாளும் கருத்துக் கேட்கப்படாதவர் தோளிலேயே வந்து இறங்குகிறது.

இருள் பிரியாத காலைகளில், பேருந்துக்கு ஓடுமுன், நிகார் மகளைப் பூட்டிய பள்ளிக்கதவின் முன் நிறுத்திக் கழுத்துத்துணியை இறுக்கிக் கட்டுவாள்.

“கதவு திறந்ததும் தள்ளிக்கிட்டு முதல்ல உள்ள போயிடு, கண்ணு. யாருக்கும் வழி விடாதே.”

துய்கு தலையசைப்பாள். வழிவிடக் கேட்பார் எவரும் அத்தெருவில் அந்நேரம் இருப்பதில்லை.