எழுபத்து நாலு என்று எழுதிய அட்டை

மேசைமேல் வைத்த பெட்டியைப் பார்த்ததுமே அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. மூன்று வாரங்களுக்கு முன் அவள் கையால் பாகம் பாகமாகப் பூட்டிய கணினி. தூக்கி வந்த பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். கட்டப்போகும் வீடுகளைக் கணினியில் அச்சு அசலாகப் படம் செய்து கொடுப்பவர். மூச்சு வாங்க நின்றார்.

"மத்தியானம் ஆனா தானா நின்னுடுதும்மா. நேத்து நாலு தடவை. ஒரு வீட்டுப் படம் உருவாக ஆறு மணி நேரம் ஓடணும், அஞ்சாவது மணியில அப்படியே போச்சு."

கடை அவளுடைய அக்கா புருஷனுடையது. ப்ராசஸரை அதன் வழக்கமான வேகத்துக்கு மேல் முடுக்கிவிட்டு விற்பதுதான் அத்தானின் வியாபாரம். குளிர்விக்கத் தண்ணீர்க் குழாய் எதுவும் கிடையாது. ப்ராசஸர் தலைமேல் ஒரு தகட்டு அடுக்கும், அதை ஒட்டி ஒரு ஃபேனும்தான். ஆறு வருடமாக அந்தக் கடையின் ஒரே மெக்கானிக் அவள்தான்.

அத்தான் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். "எங்க வெச்சிருக்கீங்க மேடம்? அலமாரிக்குள்ளயா? காத்து போகாத இடத்துல வெச்சா எந்த மிஷினும் நிக்கத்தான் செய்யும்."

"ஜன்னலோரம், மேசை மேல."

"அப்ப தூசியா இருக்கும்."

"மூணு வாரத்துல எவ்வளவு தூசி சேரும்?" என்றாள் அவள். அத்தான் திரும்பி ஒரு முறை முறைத்தார்.

பெண்மணி கைப்பையிலிருந்து கடை கொடுத்த அட்டையை எடுத்தார். "இதுல அதிகபட்சம் எழுவத்து நாலு டிகிரின்னு போட்டிருக்கு. நீங்கதானேம்மா கையெழுத்து போட்டது?"

அவள் வாங்கிப் பார்த்தாள். எண் அத்தானின் கோழிக் கிறுக்கல். கீழே இருந்தது அவளுடைய கையெழுத்துதான், ஆனால் ரப்பர் ஸ்டாம்ப். போன வருடம் அவள் காய்ச்சலில் படுத்தபோது, 'வேலை நிக்கக் கூடாது' என்று சொல்லி அத்தான் செய்து வைத்துக்கொண்டது. இந்த மிஷினுக்கு அவள் எழுதியது தொண்ணூற்றொன்பது. 'வேகத்தைக் குறைக்காமல் அனுப்ப வேண்டாம்' என்றும் எழுதி அவர் மேசையில் வைத்திருந்தாள்.

பெட்டியைத் தூக்கினாள். "நீங்க உள்ள வாங்க மேடம். உங்க கண்ணு முன்னாலயே பார்த்துடலாம்."

பின் அறையில் ஏசி கிடையாது. சுவரிலிருந்த வெப்பமானி முப்பத்து நாலு காட்டியது. பெட்டியின் பக்க மூடி இறுக்கமாக மூடியிருக்கிறதா என்று பார்த்தாள். ப்ராசஸரை முழுப் பளுவில் ஓட்டும் சோதனையைத் தட்டிவிட்டு, பெண்மணிக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"அந்த எழுவத்து நாலு எப்படி வந்துச்சுன்னு சொல்றேன். முன் ரூம்ல ஏசி இருபதுல ஓடும். மூடியைத் திறந்து வெச்சு, பத்து நிமிஷம் ஓட்டினா எழுவத்து நாலு. மூடியைப் போட்டா அஞ்சு டிகிரி கூடும். ரூம் எத்தனை டிகிரி கூடுதோ, ஏறக்குறைய அத்தனையும் உள்ளயும் ஏறும். ஃபேன் ரூம்ல இருக்கிற காத்தைத்தானே தள்ளுது? உங்க வீட்ல மத்தியானம் எவ்வளவு இருக்கும்?"

"இந்த ரூம் மாதிரிதான்."

"இங்க முப்பத்து நாலு. அப்ப மேல இன்னும் பதினாலு கூட்டிக்குங்க."

பெண்மணி மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். முகம் மாறியது.

பத்து நிமிடத்தில் தொண்ணூற்று மூன்று. தகடுகள் சூட்டை வாங்கி வாங்கி நிரம்ப, எண் நிதானமாக ஏறிக்கொண்டே போனது. அரை மணியில் தொண்ணூற்றேழு. அதன் பிறகு தொண்ணூற்றெட்டு, ஒன்பது என்று ஊசலாடியது. ஐம்பதாவது நிமிடம் நூறைத் தொட்டதும் திரை கறுத்துப்போனது.

"இதேதான்," என்றார் பெண்மணி. "இப்படித்தான் நின்னுது."

அத்தான் வாசலில் நின்றிருந்தார். "கஸ்டமர் முன்னாடி என்ன இதெல்லாம்?"

"அவங்க மிஷின். அவங்க முன்னாடிதான் செய்யணும்."

"நான் என்ன பொய்யா எழுதினேன்? எழுவத்து நாலுதான் காட்டிச்சு."

"ஏசியில, மூடியைத் திறந்து வெச்சு, பத்து நிமிஷம். அவங்க வீட்ல அப்படியா வேலை பார்ப்பாங்க?"

"எல்லாக் கடையிலயும் இப்படித்தான் பார்க்கிறாங்க."

"எல்லாக் கடையிலயும் என் கையெழுத்து இல்லையே அத்தான்."

"சத்தம் போடாத. குடும்பக் கடைங்கிற நினைப்பு வேணும்."

"குடும்பம்னா என் பேரை எடுத்து எதுல வேணா ஒட்டிக்கலாமா? அவங்க என்கிட்ட வந்து 'நீங்கதானே போட்டது'ன்னு கேக்கிறாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

அவர் முன் அறைக்குப் போய்விட்டார்.

மிஷினை மறுபடி எழுப்பி, வேகத்தை ஒரு படி இறக்கினாள். ப்ராசஸருக்குப் போகும் மின்னழுத்தத்தையும் குறைத்தாள். மறுபடி ஒரு மணி நேரம். எண்பத்திரண்டில் போய் நின்றது, அதற்கு மேல் அசையவில்லை.

"எண்பத்தஞ்சுக்குள்ள நின்னா நாள் முழுக்க ஓட்டலாம். கொஞ்சம் வேகம் குறையும்."

"குறைஞ்சா என்ன, எனக்கு இது போதும். முதல்லயே இப்படிக் கொடுத்திருக்கலாமேம்மா. படம் கேட்டிருந்த கட்டடக்காரர் வேலையை வேற ஆள்கிட்ட கொடுத்துட்டார்." அவர் குரலில் கோபமே இல்லை. அவர் திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"மன்னிச்சுக்குங்க," என்றாள். தான் செய்யாததற்குத் தன் வாயால் மன்னிப்புக் கேட்க வைத்துவிட்டார் அத்தான்.

பெண்மணி போனதும் கல்லாவுக்குப் போய், இழுப்பறையைத் திறந்து, ஸ்டாம்ப்பை எடுத்தாள். அத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிளேடால் ரப்பரைக் குறுக்கும் நெடுக்குமாக அறுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள். பிறகு பதிவேட்டைப் பிரித்து, அந்த ஸ்டாம்ப்போடு மிஷின் வாங்கிப்போன மற்ற ஒன்பது பேருக்கும் வரிசையாகப் போன் செய்தாள். "ஒருமுறை கொண்டு வாங்க, சூட்டைச் சரியா பார்க்கல" என்பதைத் தவிர யாரிடமும் வேறெதுவும் சொல்லவில்லை.

சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். "அவர் முகத்தைத் தூக்கி வெச்சுட்டு உக்காந்திருக்கார். நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம்ல?"

"உன் கையெழுத்தை நான் எங்கயாவது போட்டா நீ அனுசரிச்சுப் போவியாக்கா?"

"அது வேற."

"எப்படி வேறன்னு சொல்லு."

வேலையிருக்கிறது என்று அக்கா போனை வைத்துவிட்டாள்.

ஒன்பதில் ஏழு திரும்பி வந்தன. ஐந்து தொண்ணூறைத் தாண்டின. எல்லாவற்றையும் பின் அறையில் மூடி போட்டு, ஒரு மணி நேரம் ஓட்டி, எண்பத்தைந்துக்குள் இறக்கி அனுப்பினாள். ஒருவர் மட்டும் எனக்கு வேகம்தான் முக்கியம் என்று அடம்பிடித்தார். அவருடைய அட்டையில் தொண்ணூற்றொன்று என்று எழுதி, தெரிந்துதான் வாங்குகிறேன் என்று அவரையே கையெழுத்துப் போடச் சொன்னாள்.

மறு வாரம் அத்தான் புதிதாக அச்சடித்த அட்டைகளைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார். அறையின் வெப்பம், மூடி, நேரம் என்று மூன்று வரிகள் கூடியிருந்தன. நேரத்துக்கு எதிரே 'இருபது நிமிடம்' என்று அச்சாகியிருந்தது. அவள் பேனாவை எடுத்து, முதல் அட்டையில் அதை அடித்து 'ஒரு மணி' என்று எழுதினாள். அடுத்த அட்டையை எடுத்தாள்.

"ஒரு மணியா?" என்றார் அத்தான். "அப்ப ஒரு நாளைக்கு அஞ்சு மிஷின்தான் போகும்."

"அஞ்சு போகட்டும்."

அவர் கல்லாவுக்குத் திரும்பிப் போனார். தவறு என்று ஒரு வார்த்தை அன்றும் அவர் வாயிலிருந்து வரவில்லை. மீதி அட்டைகளையும் ஒவ்வொன்றாக அடித்துத் திருத்தினாள். இரண்டு இடங்களில் பேனா அட்டையைக் கிழித்துவிட்டது.